கிறிஸ்து பிறப்பு ஓவியத்துக்குச் சட்டம் போடுகிறீர்களா? கிருஷ்ணகிரி, தருமபுரி பிரேம் கடைகள் பற்றி ஒரு மதிப்பீடு

கிருஷ்ணகிரி பெங்களூர் சாலையிலும் தருமபுரி நான்கு ரோடு பக்கத்திலும் உள்ள பிரேம் கடைகளில், நவம்பர் கடைசியானால் கிறிஸ்து பிறப்புப் படங்கள் முன்வரிசைக்கு வந்துவிடும். முன்பெல்லாம் காலண்டர் படம்தான். இப்போது ஐரோப்பாவின் எந்தப் பழைய ஓவியத்தைக் கேட்டாலும் கேன்வாஸில் அச்சடித்து, சட்டம் போட்டு, ஓரிரு நாளில் கொடுத்துவிடுகிறார்கள். சட்ட வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்கு மூலையும் 45 டிகிரியில் இடைவெளி தெரியாமல் சேர்கின்றன, கொக்கியும் கம்பியும் உறுதி. குறை முழுக்க அச்சில்தான் இருக்கிறது. ஓரத்தை வெட்டுகிறார்கள், இருட்டை வெளுக்கிறார்கள். கிறிஸ்து பிறப்பு ஓவியங்களில் ஓவியர் பொருளை ஒளித்துவைப்பதும் பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான் என்பதால், இது சின்னக் குறை இல்லை. மாதாவும் பாலனும் நடுவில் பத்திரமாக இருப்பார்கள். அவர்களைப் பற்றி ஓவியர் சொல்ல வந்தது குப்பைக்கூடைக்குப் போயிருக்கும்.

வெட்டுப்பட்ட கோதுமைக் கட்டு

அதிகம் அடிபடுவது ஹூகோ வான் டெர் கூஸ் 1475 வாக்கில் வரைந்த போர்ட்டினாரி பீடப்படம். புரூஜ் நகரில் மெடிச்சி வங்கியின் பொறுப்பாளராக இருந்த தொம்மாசோ போர்ட்டினாரி, ஃபிளாரன்ஸில் ஒரு மருத்துவமனைக் கோயிலுக்காக வரையச் சொன்னது. 1483-இல் அங்கே போய்ச் சேர்ந்தது, இப்போது அதே நகரின் உஃபிசி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்று பலகைகள். நடுப்பலகை 253 செ.மீ. உயரம், 304 செ.மீ. அகலம். அதாவது அகலம் உயரத்தைப் போல 1.2 மடங்கு.

கடையில் தயாராக இருக்கும் அளவு 12×18 அங்குலம். அது 1.5 மடங்கு. 18 அங்குல அகலத்தை நிரப்பினால் படத்துக்கு 15 அங்குல உயரம் வேண்டும்; இருப்பதோ 12. மூன்று அங்குலம், படத்தில் ஐந்தில் ஒரு பங்கு, எங்கேயாவது போயாக வேண்டும். மேலே வானதூதர்கள் பறக்கிறார்கள், அவர்களை வெட்ட கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு மனம் வராது. கீழே இருப்பது “ஏதோ பூச்சாடி” தானே என்று அடிப்பக்கத்தை வெட்டிவிடுகிறார்.

அந்தப் பூச்சாடிதான் படத்தின் சாவி. முன்தரையில், நம் காலடிக்கு அருகில் வருகிற மாதிரி, ஒரு கோதுமைக் கட்டு கிடக்கிறது. பெத்லகேம் என்றால் எபிரேயத்தில் அப்பத்தின் வீடு. கோதுமை நற்கருணை அப்பத்தைச் சுட்டுகிறது. கட்டுக்கு முன்னால் இரண்டு பாத்திரங்கள். ஒன்று மருந்துக்கடைகளில் மருந்து வைக்கும் வண்ணப் பீங்கான் சாடி. மருத்துவமனைக் கோயிலுக்கான படம் என்பதை நினைத்துக்கொண்டால் அது ஏன் அங்கே இருக்கிறது என்பது விளங்கும். அதில் செந்நிற லில்லியும் ஐரிஸும்: லில்லியின் சிவப்பு பாடுகளின் இரத்தம், வெள்ளை ஐரிஸ் தூய்மை. இன்னொன்று கண்ணாடிக் குவளை. அதில் கொலம்பைன் என்னும் நீலப்பூக்களும் மூன்று சிவப்புக் கார்னேஷன்களும் இருக்கின்றன. கார்னேஷன், ஓசூர் பசுமைக்குடில்களில் விளைகிற அதே பூதான். கொலம்பைனை மாதாவின் வியாகுலங்களோடும், மூன்று கார்னேஷனைச் சிலுவையின் மூன்று ஆணிகளோடும் சேர்த்து வாசிப்பது வழக்கம். கண்ணாடியை உடைக்காமல் ஒளி ஊடுருவுவது மாதாவின் கன்னிமைக்கு இடைக்காலத்தில் எல்லோரும் அறிந்த உவமை. தரையில் சிதறிக் கிடக்கும் ஊதாப் பூக்கள் தாழ்ச்சி. பிறந்த அன்றே சாவும் உயிர்ப்பும் பேசப்படுகிற படம் இது. அடியில் மூன்று அங்குலத்தை வெட்டினால் மிச்சமிருப்பது சோகமுகத்தோடு சிலர் ஒரு குழந்தையைச் சுற்றி நிற்கும் படம். “ஏன் யாருமே சிரிக்கவில்லை?” என்று வாங்கியவர்கள் கேட்பது நியாயம்தான், பதில் வெட்டுப்பட்ட துண்டில் இருக்கிறது.

இடது முன்புறத்தில் கழற்றிப் போட்ட ஒரு மரக்காலணியும் கிடக்கிறது. எரியும் முட்செடி முன் மோசேயிடம் மிதியடியைக் கழற்றச் சொன்ன கட்டளை அது. நிற்பது புனித நிலம். கோயிலுக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டுப் போகிற நமக்கு விளக்கவுரையே வேண்டாம். பின்னால் உள்ள கட்டடத்தின் வாசல் மேல் யாழ் ஒன்று செதுக்கியிருக்கிறது: தாவீதின் வீடு. சிறிய அச்சில் அது தெரியாது, 24 அங்குலத்துக்குக் குறையாத அகலம் வேண்டும்.

பக்கப்பலகைகளை எந்தக் கடையும் காட்டுவதில்லை. அவற்றில் நன்கொடையாளர் குடும்பம் மண்டியிட்டிருக்கிறது, அவர்களுக்குப் பின்னால் புனிதர்கள். அந்தக் குடும்பத்தைப் பார்க்காவிட்டாலும் நட்டமில்லை. ஆனால் பின்னணியில் கதை ஓடுகிறது. இடப்பலகையின் தொலைவில் மாதாவும் சூசையப்பரும் பெத்லகேமுக்கு மலையிறங்கி வருகிறார்கள்; நடுப்பலகையில் தூரத்துக் குன்றில் வானதூதர் இடையர்களுக்குச் செய்தி சொல்கிறார்; வலப்பலகையில் மூன்று ராஜாக்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். இடமிருந்து வலமாக நேற்று, இன்று, நாளை. இந்த வகைக் கதைசொல்லல் நம்மூருக்குப் புதிதில்லை. தருமபுரி வட்டார நடுகற்களில் அடுக்கடுக்காகச் செதுக்கியவற்றைப் பார்த்தவர்களுக்குப் பழக்கமானதுதான்: கீழடுக்கில் வீரன் சண்டையிடுகிறான், அடுத்ததில் தேவமகளிர் அவனைத் தூக்கிச் செல்கிறார்கள், மேலடுக்கில் அவன் மேலுலகில். ஒரே கல்லில் மூன்று நேரம். கீழடுக்கைச் சிமெண்டில் புதைத்துவிட்டால் அவன் எப்படிச் செத்தான் என்பதே தெரியாது. கோதுமைக் கட்டை வெட்டுவதும் அதுதான்.

நடுகல் இன்னொன்றையும் விளக்கும். அதில் வீரன் பெரியவன், எதிரிகள் சின்னவர்கள். அது தூரத்தைக் காட்டும் அளவு இல்லை, மதிப்பைக் காட்டும் அளவு. போர்ட்டினாரி படத்தில் முன்னால் மண்டியிட்ட வானதூதர்கள் பின்னால் உள்ள மாதாவை விடச் சிறியவர்கள். அச்சுப்பிழை என்று யாரோ நினைத்துச் சரிசெய்த கோப்பு ஒன்றும் சுற்றுகிறது. வேண்டாம்.

சொல்லி வாங்க வேண்டியது: நடுப்பலகை என்றால் 24×20 அங்குலம். கணக்கு அப்படியே பொருந்தும், ஒரு இலையும் போகாது.

இத்தாலிய ஓவியர் பொட்டிசெல்லியின் கிறிஸ்து பிறப்புப் படத்திலும் இதே வில்லங்கம், கூடுதலாக இரண்டு முனையிலும். 1500-ஆம் ஆண்டின் முடிவில் வரைந்தது, லண்டன் தேசியக் காட்சியகத்தில் இருக்கிறது, 108.6×74.9 செ.மீ. அவர் கையெழுத்திட்ட ஒரே ஓவியம். உச்சியில் கிரேக்கத்தில் ஒரு நீண்ட வாசகம். இத்தாலியின் குழப்பக் காலத்தில் இதை வரைந்தேன் என்று தொடங்கி, திருவெளிப்பாட்டைச் சுட்டி, சாத்தான் கட்டப்படும் காலம் வரும் என்கிறது. அடியில் மூன்று வானதூதர்கள் மூன்று மனிதர்களை ஆரத் தழுவுகிறார்கள். அவர்கள் காலடியில் குட்டிப் பேய்கள் பாறை இடுக்குகளில் ஓடி ஒளிகின்றன. மேலே பொன்வானத்தின் கீழ் பன்னிரண்டு வானதூதர்கள் ஒலிவக் கிளைகளோடு வட்டமிடுகிறார்கள். கூரைமேல் வெள்ளை, சிவப்பு, பச்சை உடையில் மூவர்: நம்பிக்கை, அன்பு, எதிர்நோக்கு. நடுவில் மாதா, எழுந்து நின்றால் தலை கூரையில் இடிக்கும் அளவுக்குப் பெரியவள். தூரக்கணக்கில் படம் வரையத் தெரியாதவர் அல்ல பொட்டிசெல்லி. தெரிந்தே நடுகல் கணக்கைக் கையில் எடுத்தார்.

18×24 அங்குலத்தில் கேட்டால், 18 அகலத்துக்கு 26 அங்குல உயரம் தேவைப்படும். இரண்டு அங்குலம் போகும்: மேலே வெட்டினால் வாசகம், கீழே வெட்டினால் பேய்கள். 12×18-இல் பக்கவாட்டில் அரை அங்குலத்துக்கும் குறைவாகவே போகும், அது பரவாயில்லை. சரியாக வேண்டுமென்றால் 16.5×24. கேன்வாஸில் எடுக்காதீர்கள், நெசவின் சொரசொரப்பில் கிரேக்க எழுத்தும் பேய்களும் கரைந்துவிடும். வழவழப்பான தாள்தான் இதற்கு.

வெட்டு அச்சில் மட்டும் நடப்பதில்லை. கேன்வாஸை மரச்சட்டத்தில் இழுத்து மடிக்கும்போது ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை அங்குலம் பக்கவாட்டுக்குப் போகும். 18 அங்குல அகலத்தில் மூன்று அங்குலம், ஆறில் ஒரு பங்கு. மடிப்புக்கு வேண்டியதைப் படத்திலிருந்து எடுக்காமல், நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் கறுப்பு அல்லது வெள்ளை விளிம்பு சேர்த்து அச்சடிக்கச் சொல்ல வேண்டும். விளிம்பைக் கண்ணாடிப் பிம்பம் போலத் திருப்பி நிரப்புகிற வழியும் உண்டு. நிலக்காட்சிக்கு அது சரி, இங்கே செய்தால் பக்கவாட்டில் இரண்டாவது சூசையப்பர் முளைப்பார். தாள் அச்சு என்றால் சட்டத்தின் உள்விளிம்பு ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் மறைக்கும். அட்டை மௌண்ட் வைத்து, அதன் திறப்பைப் படத்தைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டச் சொன்னால் படத்தின் நான்கு கரையும் முழுதாகத் தெரியும்.

இரவுப் படங்கள்

அடுத்தது இருட்டு. கிறிஸ்து பிறப்பை இரவுக் காட்சியாக வரைந்தவர்களுக்குப் பின்னால் ஒரு தரிசனம் இருக்கிறது. சுவீடனின் புனித பிரிஜித்தா 1372-இல் பெத்லகேமில் கண்டதாகச் சொன்னது: குழந்தை வெறுந்தரையில் கிடக்கிறது, மாதா மண்டியிட்டு வணங்குகிறாள், குழந்தையிடமிருந்து எழுந்த ஒளி சூசையப்பர் ஏற்றிவந்த மெழுகுதிரியை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறது. அதுவரை படுத்திருந்த மாதா இதற்குப் பின் ஐரோப்பிய ஓவியங்களில் மண்டியிடுகிறாள், தொட்டியில் கிடந்த பாலன் தரைக்கு வருகிறான், படத்துக்கு உள்ளேயே விளக்கு வந்துவிடுகிறது.

கடைகளில் அதிகம் விற்பது டச்சு ஓவியர் ஹோன்ட்ஹோர்ஸ்ட் 1620 வாக்கில் வரைந்த உஃபிசி படம். மாதா, இரண்டு சிறு வானதூதர்கள், நிழலில் சூசையப்பர், பாலனே ஒளி. இத்தாலியர்கள் இவருக்கு வைத்த பட்டப்பெயரே ‘இரவுகளின் ஜெரார்டு’. இதே பொருளில் இவர் வரைந்த இன்னொரு படம் 1993-இல் உஃபிசி அருகே வெடித்த குண்டில் அழிந்தது. இந்தப் படத்தில் பொருள் இருப்பது முகங்களில் இல்லை, ஒளி குறைந்துகொண்டே போகிற வரிசையில் இருக்கிறது. பாலன் வெள்ளை. அடுத்து மாதா. அடுத்து வானதூதர்களின் கன்னம். கடைசியில் சூசையப்பர், பாதி தெரிந்தும் தெரியாமலும். ஒளியின் மூலத்துக்கு எவ்வளவு அருகில் நிற்கிறார்கள் என்பதே கதை. கடையில் “டல்லா இருக்கு சார், கொஞ்சம் பிரைட் பண்ணிட்டேன்” என்பார்கள். பண்ணியாயிற்று. சூசையப்பர் மாதாவுக்குச் சமமாகப் பளிச்சிடுகிறார், மூலை சாம்பல் நிறமாகிறது, பாலன் வெறும் வெள்ளைத் திட்டு. டியூப் லைட் போட்ட தொழுவம் ஒன்று கிடைக்கும்.

சோதிக்க ஒரு எளிய வழி: அணைத்துவைத்த செல்போன் திரையைப் படத்தின் இருண்ட மூலைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். மூலை கிட்டத்தட்ட திரையோடு சேர வேண்டும். சாம்பலாகப் பிரிந்து நின்றால் வெளுத்திருக்கிறது. இரண்டாவது சோதனை பாலன் படுத்திருக்கும் துணி: அதில் மடிப்புகள் தெரிய வேண்டும். மடிப்பே இல்லாத வெள்ளை என்றால் வெளிச்சத்தை ஏற்றியபோது அந்த விவரம் எரிந்துபோயிருக்கிறது. திரும்பக் குறைத்தாலும் வராது, மூலக்கோப்பிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

முழுத் தவறும் கடைக்காரருடையது அல்ல. மேட் கேன்வாஸில் கறுப்பு ஆழமாக இறங்காது, அதன் பரப்பே ஒளியைச் சிதறடிக்கும். அதனால் இரவுப் படத்துக்கு லஸ்டர் எனப்படும் மிதமான பளபளப்புள்ள போட்டோ தாள் நல்லது, முன்னால் கண்ணாடி இல்லாமல். கேன்வாஸ்தான் வேண்டும் என்றால் மேலே ஒரு பூச்சு வார்னிஷ் அடிக்கச் சொல்லுங்கள், கறுப்பு கொஞ்சம் இறங்கும். பளபளக்கும் தாளும் சாதாரணக் கண்ணாடியும் சேர்ந்தால் படத்தில் தெரிவது எதிர்ச்சுவர் ஜன்னல்தான்.

கொரெஜ்ஜோவின் ‘இரவு’ டிரெஸ்டனில் இருக்கிறது, 1530 வாக்கில் முடித்தது, 256.5×188 செ.மீ. ஆளுயரத்தையும் தாண்டிய படம். 18×24-இல் அரை அங்குலம்தான் போகும், கவலையில்லை. மேலே இடப்புறத்தில் வானதூதர்கள் கூட்டமாகத் தொங்குகிறார்கள், கீழே நெட்டையான ஓர் இடையர், அங்கிருந்து பார்வை சாய்கோடாகச் சரிந்து பாலனில் வந்து விழுகிறது. ஒரு பெண் ஒளி தாங்காமல் கையைத் தூக்கிக் கண்ணை மறைக்கிறாள். மாதா மட்டும் கண் கூசாமல் பார்க்கிறாள். இந்த இரண்டு முகங்களுக்கும் நடுவே உள்ள வித்தியாசம்தான் படம். தொலைவில் விடியல் கீற்று. வெளிச்சம் ஏற்றப்பட்ட அச்சில் அது பட்டப்பகலாகிவிடும், அப்புறம் அந்தப் பெண் எதற்குக் கண்ணை மறைக்கிறாள் என்றே புரியாது.

சின்ன வீட்டுக்கு எங்கள் தேர்வு இவை இரண்டும் இல்லை. கீர்ட்கன் 1490 வாக்கில் வரைந்த ‘இரவில் பிறப்பு’, லண்டனில் உள்ளது. 34×25.3 செ.மீ.தான். அதாவது 10×13.4 அங்குலத்தில் அச்சடித்தால் அசல் அளவே உங்கள் சுவரில் இருக்கும். பெரிய ஓவியங்களில் இந்த வாய்ப்பு அரிது. மூன்று வெளிச்சங்கள்: தொட்டியில் பாலன், வானத்தில் தூதர், குன்றின்மேல் இடையர்கள் மூட்டிய நெருப்பு. மனிதன் மூட்டிய தீதான் மூன்றிலும் மங்கலானது. செபம் சொல்லும் இடத்தில் கண்மட்டத்தில் மாட்ட ஏற்றது.

நீலம் ஊதாவாகும்போது

மாதாவின் மேலாடை நீலம் ஏன் என்றால், பக்தியும் பணமும் இரண்டும்தான். அந்தக் காலத்தில் நல்ல நீலம் ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைக்கல்லை அரைத்து எடுத்தது. நன்கொடையாளர் எவ்வளவு செலவழித்தார் என்பதை மேலாடையைப் பார்த்தே ஊரார் கணக்குப் போடுவார்கள், சாமி நகையைப் பார்த்து உபயதாரரை எடைபோடுவது மாதிரி. நான்கு மை அச்சில் அடர்நீலம் ஊதாப் பக்கம் சாயும். திரையில் தெரிகிற நீலம் மையில் வராது. திருவழிபாட்டில் ஊதா என்பது திருவருகைக் காலத்துக்கும் தவக்காலத்துக்கும் உரிய நிறம். கிறிஸ்துமஸ் வந்த பிறகும் மாதா ஊதாவில் இருந்தால் காலண்டரையே குழப்பியதாகும். முழுப்படத்தை அச்சடிக்குமுன் ஆறு அங்குலத் துண்டு ஒன்றைச் சோதனையாக எடுக்கச் சொல்லுங்கள். அதில் மேலாடை, பாலனின் தோல், மிக இருண்ட மூலை மூன்றும் வர வேண்டும். கடைக்கு வெளியே கொண்டுவந்து பகல்வெளிச்சத்தில் பாருங்கள். மெஜந்தாவைச் சிறிது குறைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

இடவலம் மாறிய கோப்புகளும் சுற்றுகின்றன. பொட்டிசெல்லியில் எழுத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். பியேரோ டெல்லா ஃபிரான்செஸ்காவின் படத்தில் பாடும் ஐந்து வானதூதர்கள் நமக்கு இடப்பக்கமும், சேணத்தின்மேல் கால்மேல் கால் போட்ட சூசையப்பர் வலப்பக்கமும் இருக்க வேண்டும். அந்தப் படம் கிட்டத்தட்டச் சதுரம், 124.4×122.6 செ.மீ.; 12×18-இல் அடித்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், வானதூதர்களா சூசையப்பரா என்று சீட்டுக் குலுக்க வேண்டியதுதான். சதுரமாகக் கேளுங்கள். கூரைமேல் ஒரு மேக்பை பறவை உட்கார்ந்திருக்கிறது. சதா கத்திக்கொண்டே இருக்கும் வாயாடிப் பறவை அது. இங்கே வாயை மூடியிருக்கிறது. கழுதை தலையைத் தூக்கிக் கத்துகிறது, காளையோ பாலனைக் குனிந்து பார்க்கிறது. நற்செய்தியில் காளையும் இல்லை, கழுதையும் இல்லை. எசாயா முதல் அதிகாரத்தில், காளைக்கும் கழுதைக்கும் தன் எசமானைத் தெரிகிறது, இஸ்ரயேலுக்குத் தெரியவில்லை என்று வருகிற வசனத்திலிருந்து தொழுவத்துக்குள் நுழைந்த விலங்குகள் அவை. 2022-இல் இந்தப் படத்தின் சீரமைப்பு முடிந்தது. அதற்கு முந்தைய கோப்பில் இடையர்களின் முகம் தேய்ந்து கிடக்கும், புதியதைக் கேட்டு வாங்குங்கள்.

மற்றவை சுருக்கமாக. கிர்லண்டாயோவின் 1485 படத்தில் தீவனத் தொட்டியாக இருப்பது ரோமானியக் கல் சவப்பெட்டி. அதில் புதைக்கப்பட்ட குறிசொல்லி, இந்தப் பெட்டியிலிருந்து ஒரு தெய்வம் வரும் என்று சொல்லிவிட்டுச் செத்ததாக லத்தீன் எழுத்து. சதுரம், 18×18. லொரென்சோ லோட்டோவின் 1523 படத்தில் பிறந்த குழந்தை இருக்கும் தொழுவத்துச் சுவரிலேயே பாடுபட்ட சுரூபம், அதாவது சிலுவையில் அறையுண்ட இயேசுவின் உருவம், மாட்டியிருக்கிறது. காலக்கணக்குத் தவறவில்லை, அதுதான் அவர் சொல்ல வந்தது, 14×18 பொருந்தும். காரவாஜியோவின் படம் பலெர்மோவிலிருந்து 1969 அக்டோபரில் திருடுபோனது, இன்றுவரை கிடைக்கவில்லை. பழைய புகைப்படங்களை வைத்துத்தான் எல்லா அச்சும். எனவே 12×18-க்கு மேல் போகாதீர்கள், முகங்கள் குழைந்துவிடும்.

சேலை கட்டிய மாதா வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல விருப்பம். கோவாவில் பிறந்த ஆஞ்செலோ ட ஃபொன்சேகா அப்படி வரைந்தவர்களில் முக்கியமானவர். ஆனால் அவர் இறந்தது 1967-இல். இந்தியச் சட்டப்படி 60 ஆண்டுக் காப்புரிமை 2027 முடியும்வரை உண்டு. வங்காள ஓவியர் ஜாமினி ராய் இறந்தது 1972-இல், ஆகவே 2032 வரை. இணையத்தில் எடுத்து அச்சடித்து விற்கிற கடை செய்வது சட்டத்துக்கு வெளியே. மேலே சொன்ன பழைய ஐரோப்பிய ஓவியங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

காலண்டர் படத்தைக் கேலி செய்ய வேண்டியதில்லை. திமில் வைத்த காளை, பெரிய வால்நட்சத்திரம், இடையர்களும் மூன்று ராஜாக்களும் ஒரே நேரத்தில். லூக்காவில் இடையர்கள் தீவனத் தொட்டிக்கு வருகிறார்கள், மத்தேயுவில் ஞானிகள் வீட்டுக்கு வருகிறார்கள். எத்தனை பேர் என்று மத்தேயு சொல்லவும் இல்லை, பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்ற மூன்று காணிக்கையை வைத்து மூவராக்கியது மரபு. பொன் அரசருக்கு, சாம்பிராணி கடவுளுக்கு, போளம் சாகப்போகிறவருக்கு. காலண்டர் ஓவியர் இரண்டு நற்செய்தியையும் ஒரே சட்டத்தில் அடைக்கிறார், குடில் ஜோடிப்பவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். ஏஐ உருவாக்கிய படங்கள் வேறு கதை. பளபளப்பு உண்டு, ஆனால் யாரும் பாலனைப் பார்ப்பதில்லை. பார்வைக்கோடுகளை விரலால் தொடர்ந்து பாருங்கள். இடையர் ஒரு திசை, மாதா ஒரு திசை. பணம் கொடுத்து வாங்குவதற்கு அதில் எதுவும் இல்லை.

கோப்பும் கல்லும்

கடைக்காரரிடம் இருக்கும் கோப்பை நம்பாமல் நீங்களே கொண்டுபோவது நல்லது. 18×24 அங்குலத்துக்கு, அங்குலத்துக்கு 200 புள்ளி என்ற கணக்கில் 3600×4800 பிக்சல் வேண்டும். 150 புள்ளிக்கு இறங்கினால் 2700×3600. விக்கிமீடியா காமன்ஸில் மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை இந்த அளவுக்குக் கிடைக்கும். லோட்டோவின் படத்தை வாஷிங்டன் தேசியக் காட்சியகமே இலவசமாகத் தருகிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் நீளப்பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும், 24 அங்குலத்தில் அது அங்குலத்துக்கு 67 புள்ளிதான். டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள், அல்லது பென் டிரைவ். “அளவுக்கு வெட்ட வேண்டாம், ஆட்டோ கலர் போட வேண்டாம், வெள்ளை விளிம்பு விடுங்க” என்ற மூன்றையும் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது கடைப்பையன் காதுக்குப் போய்ச் சேராது.

கிருஷ்ணகிரிக்கென்றே இன்னொரு வசதி இருக்கிறது: கறுப்புக் கிரானைட்டில் லேசர் பொறிப்பு. கல்லறைக் கற்களில் முகம் பொறிப்பவர்களே செய்து கொடுக்கிறார்கள். பாலீஷ் போட்ட கறுப்பில் லேசர் பட்ட இடம் வெளிர்சாம்பலாகும். அதாவது கல்லே இருட்டு, கருவி போடுவது ஒளி மட்டும். ஹோன்ட்ஹோர்ஸ்ட்டும் கீர்ட்கனும் இதற்காகவே வரைந்த மாதிரி அமைவார்கள். தாளில் எவ்வளவு போராடியும் வராத கறுப்பு இங்கே சும்மா கிடைக்கிறது. பொட்டிசெல்லி, போர்ட்டினாரி இரண்டும் இதில் தோற்கும்: வண்ணம் போனால் சிவப்பு லில்லியும் பச்சை உடையும் வெறும் சாம்பல். ஒரு எச்சரிக்கை. மரத்தில் பொறிக்கும்போது லேசர் பட்ட இடம் கருகிக் கறுக்கும், கல்லில் வெளுக்கும். மரத்துக்குத் தயாரித்த கோப்பை அப்படியே கல்லில் போட்டால் நெகட்டிவ் ஆகி, பாலன் கறுப்பாகவும் இரவு வெள்ளையாகவும் வரும். கல்லில் அழிக்கவும் முடியாது, மறுபடி பாலீஷ் போட வேண்டும். முதலில் ஒரு உடைந்த துண்டில் பாலனின் முகத்தை மட்டும் பொறித்துக் காட்டச் சொல்லுங்கள். 12×18 அங்குலம், 18 மி.மீ. கனம் என்றால் ஏழரைக் கிலோ எடை வரும். பிரேம் கொக்கியில் மாட்டாதீர்கள். அடியில் பள்ளம் எடுத்த ஒரு தேக்குக்கட்டையில் சற்றுச் சாய்த்து நிறுத்தி, மேலிருந்து ஒரு பக்கமாக மஞ்சள் பல்பு. நேர் எதிரே விளக்கு வைத்தால் கல் கண்ணாடியாகிவிடும், தெரிவது உங்கள் முகம்தான்.